ஒரே கம்ப்யூட்டரில் அக்காவும் தங்கையும்

பாளையங்கோட்டையில், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில், செண்பகவல்லி வெப்சைட் செய்துகொடுக்கும் தொழில் நடத்திவந்தாள். கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுப்பாள். முப்பதைத் தாண்டிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது.

அவளிடம் மேலப்பாளையத்திலிருந்து பல்கீஸ் வந்து சேர்ந்தாள். ஐம்பதை நெருங்கும் வயது. கணவர் இறந்து பல காலம் ஆகிவிட்டது. மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் பிரஸ் ஒன்றில் கம்ப்யூட்டரில் எழுத்து அடித்துப் பக்கம் அமைத்துக்கொண்டிருந்தவள். அந்தப் பிரஸ்ஸை மூடிவிட்டார்கள்.

முதல் நாளே பல்கீஸ், "டீச்சர்" என்று கூப்பிட்டாள்.

"நான் உங்களைவிட ரொம்பச் சின்னவ. பேர் சொல்லியே கூப்பிடுங்க அக்கா."

"சொல்லிக்கொடுக்கிறவங்க டீச்சர்தான்."

"அப்போ நீங்க டீச்சர்னு கூப்பிடுங்க. நான் அக்கான்னுதான் கூப்பிடுவேன்."

அப்படியே ஆனது.

பல்கீஸுக்கு வேலை சீக்கிரம் பிடிபட்டது. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது அவள் கண்ணுக்கு ஏற்கெனவே தெரியும். மற்றதை ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. கற்றுக்கொண்டதை அதில் செய்து பார்ப்பாள்.

ஒருநாள் அவள் கேட்டாள்.

"டீச்சர், எங்கிட்ட இருக்கிறது ஒரே மெஷின். ஒரு சைட் செஞ்சுட்டு இருக்கேன். அடுத்ததைத் தொடங்கணும்னா முதல்ல இருக்கிறதை எடுத்துரணுமா?"

"எதுக்கு எடுக்கணும்? ரெண்டும் இருக்கட்டும். பத்தும் இருக்கட்டும்."

"ஒண்ணோட ஒண்ணு கலந்துராதா?"

செண்பகவல்லி அவளைத் தன் நாற்காலியில் உட்கார வைத்தாள். தன் கம்ப்யூட்டரிலேயே செய்து காட்டினாள். ஒவ்வொரு சைட்டுக்கும் ஒரு ஃபோல்டர். ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரு பெயர். இந்தப் பெயரை யாராவது கேட்டால் வெளியே இன்டர்நெட்டில் போய்த் தேட வேண்டாம், இந்த மெஷினிலேயே இருக்கிறது என்று ஓர் இடத்தில் எழுத வேண்டும். இந்தப் பெயருக்கு இந்த ஃபோல்டர் என்று, பக்கத்தை எடுத்துக் காட்டும் சர்வர் புரோகிராமிடம் இன்னோர் இடத்தில் எழுதிச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

"ரெண்டு இடத்துல எழுதணும். ஒண்ணை விட்டாலும் குழப்பம் வரும்" என்றாள்.

பல்கீஸ் ஒரு பெயரை அடித்தாள். ஒரு பல் டாக்டரின் சைட் வந்தது. வேறொரு பெயரை அடித்தாள். ஒரு பூக்கடையின் சைட் வந்தது. இரண்டும் ஒரே டப்பாவுக்குள்தான் இருந்தன. பல் டாக்டரின் பக்கத்தில் ஒரு பூகூட விழவில்லை.

"அதுக்குத் தெரியாத பேரைக் கேட்டா?" என்றாள் பல்கீஸ்.

"கேட்டுப் பாருங்க."

இந்த மெஷினைத்தான் கேட்க வேண்டும் என்று மட்டும் எழுதிவிட்டு, சர்வரிடம் எதுவும் சொல்லாமல், ஒரு புதுப் பெயரை அடித்தாள். ஒன்றும் எழுதாத ஒரு வெள்ளைப் பக்கம் வந்தது.

"எது வரிசையில முதல்ல இருக்கோ அதைக் காட்டிரும். தெரியாதுன்னு சொல்ல அதுக்குத் தெரியாது. அதனால முதல்ல ஒரு வெத்துப் பக்கத்தை வச்சிருக்கேன். நீங்களும் வச்சுக்குங்க அக்கா."

பல்கீஸ் தலையாட்டினாள். வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் செய்தாள். அந்த வெற்றுப் பக்கத்தை மட்டும் நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

ஒருநாள் மதியம் இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பல்கீஸின் போன் அடித்தது. தென்காசியிலிருந்து அவள் அண்ணன்.

"ஆமாண்ணே... பிரஸ்லதான் இருக்கேன். வேலை இருக்கு. அப்புறம் கூப்பிடுதேன்."

போனை வைத்தவள் சோற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பல்கீஸே சொன்னாள்.

"பிரஸ் மூடினது அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா அன்னைக்கே வந்து நிப்பாரு. என் வீட்டைப் பூட்டி, என்னைக் கையோட கூட்டிட்டுப் போயிருவாரு. தங்கமான மனுஷன். அங்க போனா ராணி மாதிரி இருப்பேன். ஆனா உக்காந்துதான் இருப்பேன்."

"சாப்பிடுங்க அக்கா. ஆறிப்போச்சு" என்றாள் செண்பகவல்லி.

அந்த மாதத்தில் ஜெபசெல்வி என்ற பெண் மாடியேறி வந்தாள். பெண்களுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவள். காரும் உண்டு, ஸ்கூட்டரும் உண்டு. அவளுக்கு ஒரு சைட் வேண்டும்.

அவள் வந்துபோன சில நாட்களில் எப்சிபா என்ற பெண் வந்தாள். அவளும் பெண்களுக்கு வண்டி சொல்லிக்கொடுக்கிறவள்தான். ஸ்கூட்டர் மட்டும். அவளுக்கும் ஒரு சைட் வேண்டும். மூக்கும் நாடியும் அப்படியே ஜெபசெல்வி. பேச்சில் கேள்வி கேட்டபின் புருவத்தைத் தூக்குவதும் அப்படியே.

செண்பகவல்லி இருவரிடமும் ஒரே வார்த்தையைத்தான் சொல்லியிருந்தாள்.

"உங்க தொழில்ல இருக்கிற வேற ஆளுங்களுக்கும் நாங்க செய்வோம். அது யாருன்னு உங்ககிட்ட சொல்லமாட்டோம். உங்களைப் பத்தியும் அவங்ககிட்ட சொல்லமாட்டோம். சம்மதமா?"

இருவரும் சம்மதம் என்றார்கள்.

இரண்டு வேலையையும் செண்பகவல்லி பல்கீஸிடம் கொடுத்தாள்.

"டீச்சர், இவங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சி. ஊருக்கே தெரியும். ஒரு வருஷமா பேச்சு கிடையாது."

"தெரியும் அக்கா."

"ரெண்டையும் நானா செய்யணும்?"

"ரெண்டு பேருக்கும் சைட் வேணுமாம். உங்களுக்குப் பழக்கம் வேணும்."

ஊருக்குத் தெரிந்த கதை இதுதான். ஒரு காலத்தில் இருவரும் ஒரே பள்ளியாகத்தான் நடத்தினார்கள். அக்கா கார். தங்கை ஸ்கூட்டர். ஒருநாள், அவர்கள் வண்டி சொல்லிக்கொடுக்கும் மைதானத்து வளைவில், எப்சிபாவிடம் கற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். எப்சிபா வண்டியைப் பிடித்திருந்த கையை அப்போதுதான் எடுத்திருந்தாள். ஓடிவந்த ஜெபசெல்வி, கற்றுக்கொள்ள வந்த பெண்கள் எல்லாரும் சுற்றி நிற்க, "உன்னையெல்லாம் யாரு சொல்லிக்கொடுக்கச் சொன்னது?" என்றாள். எப்சிபா சாவியை அக்காவின் கையில் வைத்துவிட்டு நடந்தாள். சொந்தமாக ஒரு ஸ்கூட்டர் வாங்கி, அதே மைதானத்தின் மறுகோடியில் தொடங்கினாள்.

பல்கீஸ் வேலையைத் தொடங்கினாள். வீட்டுக் கம்ப்யூட்டரில் இரண்டு ஃபோல்டர் போட்டாள். ஒன்றுக்கு அக்காவின் பெயர். மற்றதற்குத் தங்கையின் பெயர்.

ஜெபசெல்வி ஒரு போட்டோ கொண்டுவந்தாள். ஸ்கூட்டரில் அவள் சிரித்தபடி உட்கார்ந்திருக்கிறாள். பின்சீட்டில் எப்சிபா.

"இதுலதான் நான் நல்லா விழுந்திருக்கேன். பின்னாடி இருக்கிறவளை வெட்டிருங்க" என்றாள்.

பல்கீஸ் அவள் கண் முன்னாலேயே வெட்டினாள். படத்திலிருந்து எப்சிபா போய்விட்டாள். ஆனால் ஜெபசெல்வியின் தோள்மேல் அவள் கை மட்டும் நின்றது. விரலில் ஒரு சின்ன மோதிரம்.

"கையையும் அழிச்சிரட்டுமா?"

ஜெபசெல்வி திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கை இருந்துட்டுப் போகுது. யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள்.

எப்சிபா தன்னைப் பற்றிய பக்கத்துக்குத் தானே எழுதி அனுப்பியிருந்தாள். அதில் ஓர் இடத்தில் இப்படி இருந்தது: 'எனக்கு வண்டி ஓட்டக் கற்றுத் தந்தவள் என் அக்கா. பின்சீட்டில் உட்கார்ந்து என் இடுப்பைப் பிடித்துக்கொள்வாள். நான் விழுந்தபோதெல்லாம் அவளும் கூடவே விழுந்தாள்.'

பல்கீஸ் அதை அப்படியே பக்கத்தில் ஏற்றினாள். மறுநாள் எப்சிபா போன் செய்தாள்.

"அக்காவைப் பத்தி எழுதினேன்ல, அதை எடுத்துருங்க."

"ஏம்மா, நல்லா இருக்கே."

"அவ படிச்சா சிரிப்பா. வேண்டாம், எடுத்துருங்க."

பல்கீஸ் அதைப் பக்கத்திலிருந்து எடுத்தாள். ஆனால் அழிக்க மனம் வரவில்லை. அதே ஃபோல்டரில் ஓர் ஓரமாக வைத்துக்கொண்டாள்.

அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. ஒரு ஃபோல்டரில் அக்காவின் தோளில் தங்கையின் கை. அடுத்த ஃபோல்டரில் தங்கை எழுதிய வரி. நடுவே ஒன்றும் இல்லை. இந்த இரண்டும் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

அவள் மாடியேறிப் போய்க் கேட்டாள்.

"டீச்சர், இதை அவங்களுக்குக் காட்டினா என்ன? சும்மா ஒருதடவை. கையைத் தங்கச்சி பாக்கட்டும். வரியை அக்கா பாக்கட்டும். அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்ல வேண்டாம். அவங்களே அழுது சேந்துக்குவாங்க."

செண்பகவல்லி கையிலிருந்த வேலையை நிறுத்தினாள்.

"நல்லதுதான அக்கா?"

"நல்லதுதான் டீச்சர். அதான் கேக்கேன்."

செண்பகவல்லி தன் போனை எடுத்தாள். ஓர் எண்ணைத் தேடி அழுத்தினாள். ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

"யாருக்குப் போடுதீங்க?"

"தென்காசிக்கு. அவசரத்துக்குக் கூப்பிடன்னு அண்ணன் நம்பர் கொடுத்திருந்தீங்கல்ல."

பல்கீஸ் எழுந்துவிட்டாள்.

"எதுக்கு?"

"பிரஸ் மூடியாச்சுன்னு சொல்லத்தான். நீங்க வீட்டுல தனியாச் சாப்பிடுதீங்க. அவரு தங்கமான மனுஷன். நீங்களே சொன்னீங்க. தெரிஞ்சா ஓடி வருவாரு. நல்லதுதான அக்கா?"

போன் அடிக்கத் தொடங்கியது. பல்கீஸ் பாய்ந்து அதை எடுத்து அணைத்தாள். முகம் சிவந்திருந்தது.

"நான் சொல்லணும் டீச்சர் அதை. நான்தான சொல்லணும்?"

"ஆமா" என்றாள் செண்பகவல்லி.

பல்கீஸ் போனை மேசைமேல் வைத்தாள்.

"மன்னிச்சிருங்க அக்கா. பயமுறுத்திட்டேன். தண்ணி குடிங்க" என்று செண்பகவல்லி பாட்டிலை நகர்த்தினாள்.

பல்கீஸ் வீட்டுக்குப் போனாள். ஓரமாக வைத்திருந்த அந்த வரிகளைத் திறந்து இன்னொரு தடவை வாசித்தாள். பிறகு அழித்தாள். குப்பைத்தொட்டியிலிருந்தும் அழித்தாள்.

அதோடு அந்த விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தாள்.

சைட் இன்டர்நெட்டில் ஏறி உலகத்துக்குப் போவதற்கு முன் ஒருதடவை பார்க்க வேண்டும் என்று ஜெபசெல்வி சொல்லியிருந்தாள். ஒரு சனிக்கிழமை காலை பல்கீஸின் வீட்டுக்கே வந்தாள். பல்கீஸ் டீ போட்டுக் கொடுத்தாள். கம்ப்யூட்டருக்கு முன் இரண்டு நாற்காலி போட்டிருந்தாள்.

தன் பெயரைச் சுருக்காமல் முழுசாகப் போட வேண்டும் என்று ஜெபசெல்வி முந்தின நாள் கேட்டிருந்தாள். அதனால் பல்கீஸ் அன்று விடிந்ததும் அந்த சைட்டின் பெயரை மாற்றினாள். புதுப் பெயர் இந்த மெஷினில்தான் இருக்கிறது என்று ஓர் இடத்தில் எழுதினாள். அப்போது பால்காரர் வந்தார். எழுந்து போனாள். சர்வரிடம் சொல்ல வேண்டிய இன்னோர் இடம் மறந்துபோனது.

"முழுப் பேரையும் போட்டுட்டேன், பாருங்க" என்று சொல்லிப் பல்கீஸ் புதுப் பெயரை அடித்தாள்.

சர்வருக்கு அந்தப் பெயர் தெரியாது. வரிசையில் முதலில் இருந்ததைக் காட்டியது. கடைசியாகத் தொடங்கிய வேலையைத்தான் பல்கீஸ் எப்போதும் மேலே எழுதிவைப்பாள். கடைசியாகத் தொடங்கியது எப்சிபாவின் சைட்.

திரை முழுக்க எப்சிபா நின்றாள். ஹெல்மெட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டு.

பல்கீஸ் திரையை அணைத்தாள். ஆனால் பார்த்தது பார்த்ததுதான்.

ஜெபசெல்வி டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

"அது எப்சிபா."

பல்கீஸ் கீபோர்டைத் தள்ளிவைத்தாள்.

"அவளுக்கும் நீங்கதான் செய்யுதீங்களா?"

"நான் தப்பாத் தொறந்துட்டேன்மா. நீங்க பாத்திருக்கக் கூடாது. என் தப்பு."

"தப்பு இருக்கட்டும். திரும்பப் போடுங்க. நான் பாக்கணும்."

"முடியாதும்மா."

"என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கா? கேவலமா எழுதியிருக்காளா?"

எப்சிபா எழுதியது பல்கீஸின் நாக்கு நுனி வரை வந்தது. வரிகளை அழித்திருந்தாள். ஆனால் ஓர் எழுத்து விடாமல் அவளுக்கு மனப்பாடமாக இருந்தது. ஒருமுறை சொன்னால் போதும்.

"அதை அவங்ககிட்டதான் நீங்க கேக்கணும்" என்றாள்.

"உங்களுக்குத் தெரியும். உங்க முகத்துலயே தெரியுது."

"அவங்ககிட்ட கேளுங்கம்மா."

ஜெபசெல்வி எழுந்தாள். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"எல்லாரும் அவ பக்கம்தான். நீங்களும் அப்படியே இருங்க. எனக்கு உங்க சைட்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

கதவைச் சாத்தாமலே போய்விட்டாள்.

பல்கீஸ் அந்தக் கணமே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, அன்று வைக்காமல் விட்ட வெற்றுப் பக்கத்தை வரிசையில் முதலில் வைத்தாள். பிறகு பஸ் பிடித்துப் பாளையங்கோட்டைக்குப் போனாள். மாடிப்படி ஏறும்போதே அழுகை வந்துவிட்டது. நடந்ததை விடாமல் சொன்னாள். வெற்றுப் பக்கம் வைக்காததையும் சொன்னாள்.

செண்பகவல்லி குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"இதை முதல்ல யாருகிட்ட சொல்லணும் அக்கா?"

"உங்ககிட்ட."

"இல்லை."

பல்கீஸ் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"எப்சிபாகிட்ட" என்றாள்.

"நானும் வரட்டுமா? சொல்லிக்கொடுத்ததோட விட்டுட்டேன். நீங்க வச்சீங்களான்னு வந்து பாக்கலை. அது என் தப்பு."

"வேண்டாம் டீச்சர். நானே போறேன்."

மைதானத்தின் கோடியில் எப்சிபா ஒரு பெண்ணுக்குப் பிரேக் பிடிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். வெயில் ஏறியிருந்தது. பல்கீஸ் வேப்பமர நிழலில் நின்றாள். அந்தப் பெண் இறங்கிப் போனதும் கிட்டே போனாள்.

"உங்க சைட்டை உங்க அக்கா பாத்துட்டாங்க. நான் காட்டணும்னு காட்டலை. கவனக்குறைவு. முதல் பக்கம் மட்டும், ஒரு நொடி. உங்ககிட்ட சொல்லணும்னு வந்தேன். நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்குவேன்."

எப்சிபா கையிலிருந்த ஹெல்மெட்டை வண்டியின் மேல் வைத்தாள். அது உருண்டு கீழே விழுந்தது. அவள் எடுக்கவில்லை.

"அவ எதுக்கு உங்ககிட்ட வந்தா?"

பல்கீஸ் கீழே கிடந்த ஹெல்மெட்டைப் பார்த்தாள்.

"அவளும் சைட் போடுதாளா?"

"அதை நான் சொல்ல முடியாதும்மா."

"என்னைப் பாத்துட்டு என்ன சொன்னா?"

"அதை அவங்ககிட்டதான் நீங்க கேக்கணும்."

எப்சிபா புருவத்தைத் தூக்கினாள். அக்காவைப் போலவே.

"சிரிச்சாளா? அதையாவது சொல்லுங்க."

"அவங்ககிட்ட கேளுங்கம்மா."

"சரி" என்றாள் எப்சிபா. ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டினாள். வண்டியை உதைத்துக் கிளப்பினாள். "ஏறுங்க."

"நானா? எங்க?"

"கேக்கத்தான். அவ பாக்கவே இல்லைன்னு பொய் சொன்னா எனக்கு ஒரு சாட்சி வேணும். ஏறுங்க."

பல்கீஸ் அவ்வளவு வேகமான ஸ்கூட்டரில் அதுவரை உட்கார்ந்ததில்லை. இரண்டு கையாலும் எப்சிபாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி ஓதிக்கொண்டே போனாள்.

ஜெபசெல்வி தன் பள்ளியின் சின்ன அறையில் உட்கார்ந்து யாருக்கோ போனில் நேரம் சொல்லிக்கொண்டிருந்தாள். வாசலில் தங்கையைப் பார்த்ததும் போனை வைத்தாள்.

"என் சைட்டை நீ எதுக்குப் பாத்த?" என்றாள் எப்சிபா.

"நானா தேடிப் போய்ப் பாத்தேன்? அதுவா வந்து நின்னுச்சு."

"வந்து நின்னா? கண்ணை மூட வேண்டியதுதான?"

"எதுக்கு மூடணும்? உன் மூஞ்சியைப் பாத்து ஒரு வருஷம் ஆச்சு. தெரிஞ்ச உடனே மூடிக்கணுமா?"

"ஆச்சுன்னா யாரால ஆச்சு? அத்தனை பேரு முன்னாடி கேட்டல்ல, யாரு சொல்லிக்கொடுக்கச் சொன்னதுன்னு? நீதான் சொன்ன. நீதான் என்னைச் சொல்லிக்கொடுக்கச் சொன்ன!"

"அந்தப் பொண்ணு கை தொங்குது. நான் பதறிட்டேன். வாயில வந்ததைச் சொன்னேன். நீ மறுநாள் வருவன்னு நினைச்சேன். வாசலைத் தொறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"ஒரு போன் போட்டியா?"

"நீ போட்டியா?"

சத்தம் தெருவுக்குக் கேட்டது. எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பல்கீஸ் வாசல் நடுவே, உள்ளே போவதா வெளியே போவதா என்று தெரியாமல் நின்றாள். எப்சிபா அழுதுகொண்டே திட்டினாள். ஜெபசெல்வி திட்டிக்கொண்டே அழுதாள். பழைய கணக்கெல்லாம் வெளியே வந்தது. சின்ன வயதில் உடைந்த ஒரு பொம்மைகூட வந்தது.

பிறகு ஜெபசெல்வி தங்கையை மேலும் கீழும் பார்த்தாள்.

"மெலிஞ்சிட்ட" என்றாள் ஜெபசெல்வி.

பல்கீஸ் ஓசைப்படாமல் திரும்பி நடந்தாள்.

அவர்கள் ஒரே பள்ளியாகச் சேரவில்லை. அக்காவுக்கு ஒரு பள்ளி, தங்கைக்கு ஒரு பள்ளி என்றே இருந்தது. மைதானத்தில் இடத்துக்காக மறுபடியும் சண்டை போட்டார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஒன்றாக வெளியே வந்தார்கள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

ஒரு வாரம் கழித்து ஜெபசெல்வி போன் செய்தாள். தன் சைட்டை முடித்துக் கொடுக்கச் சொன்னாள். மற்றதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் போட்டோவை மாற்றவும் சொல்லவில்லை.

எப்சிபாவும் கூப்பிட்டாள்.

"அக்கா, நான் எடுக்கச் சொன்னேன்ல, அதை இன்னும் வச்சிருக்கீங்களா?"

"எடுக்கச் சொன்னீங்க. அழிச்சிட்டேன்மா."

"சுத்தமா அழிச்சிட்டீங்களா?"

"ஆமா. வேணும்னா திரும்ப எழுதி அனுப்புங்க. போட்டுருவோம்."

எப்சிபா கொஞ்சம் யோசித்தாள்.

"இருக்கட்டும். நேர்லயே சொல்லிட்டேன்" என்றாள்.

"சிரிச்சாங்களா?" பல்கீஸ் தன்னை அறியாமல் கேட்டுவிட்டாள்.

"அதை அவகிட்டதான் நீங்க கேக்கணும்" என்றாள் எப்சிபா. சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் தென்காசியிலிருந்து அண்ணன் வழக்கம்போலக் கூப்பிட்டார். வேலை எப்படிப் போகிறது என்று கேட்டார்.

"அண்ணே, பிரஸ்ஸை மூடி ரொம்ப நாளாச்சு. உங்ககிட்ட மறைச்சிட்டேன். நான் இப்ப வேற வேலை கத்துக்கிட்டு இருக்கேன்."

பல்கீஸ் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"சாப்பிட்டியா?" என்றார் அண்ணன்.

"சாப்பிட்டேன்."

"நான் வரட்டுமா?"

"வாங்க. கூட்டிட்டுப் போறதுக்கு இல்லைண்ணே. பாக்க வாங்க."

"சரி" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. "நான் அங்க வாறேன். நீ என்ன வேலை செய்யுதன்னு எனக்குக் காட்டு."

மறுநாள் பல்கீஸ் மாடிக்குப் போனாள். செண்பகவல்லி ஜன்னல் அருகே நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு சைட்டும் அன்று காலை உலகத்துக்குப் போயிருந்தன. பல்கீஸ் நடந்ததையெல்லாம் சொன்னாள். ஸ்கூட்டரில் போனதைச் சொன்னபோது செண்பகவல்லி வாய்விட்டுச் சிரித்தாள்.

சிரிப்பு அடங்கியதும் பல்கீஸ் கேட்டாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். ரெண்டு நாளா மனசுல கிடக்கு."

"கேளுங்க அக்கா."

"காட்டலாமான்னு கேட்டேன். கூடாதுன்னு புரிய வச்சீங்க. நானும் அழிச்சிட்டேன். கடைசியில என் கவனக்குறைவுல ஒரு நொடி தெரிஞ்சதுதான் அவங்களைப் பேச வச்சுது. நான் எல்லாத்தையும் சரியாச் செஞ்சிருந்தா அவங்க இன்னும் பேசாமத்தான் இருந்திருப்பாங்க. அப்போ அந்தத் தப்பு நடந்ததே நல்லதுன்னு நான் நினைச்சுக்கலாமா?"

செண்பகவல்லி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னாள். தானும் எதிரே உட்கார்ந்தாள்.

"ஒரு வருஷம் கழிச்சு வாசல்ல போய் நின்னது எப்சிபா. மெலிஞ்சிட்டன்னு சொன்னது ஜெபசெல்வி. அந்த நல்லது அவங்களோடது அக்கா, அதுல நமக்குப் பங்கு வேண்டாம். தப்பை மட்டும் நாம வச்சுக்குவோம்."